ரத்தான விதிகளுக்கு நாம் இழக்கும் கூலி

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது கண்ணமங்கலம். ஆரணி வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி. மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களும் சுற்றுக் கிராமத்தாரும் நகல் எடுக்கவும், மனு எழுதவும், இ-சேவையில் விண்ணப்பம் பதியவும், பேருந்து மாறி ஆரணிக்கோ வேலூருக்கோ போகவும் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். எந்த வேலைக்கு எந்தக் காகிதம் வேண்டும் என்பதை நம்மில் யாரும் அரசாணையைப் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. ஜெராக்ஸ் கடையில் கேட்கிறோம், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்கிறோம், போன வருஷம் தாலுகா ஆபீஸ் போய்வந்த உறவினரிடம் கேட்கிறோம். அவர்கள் சொல்வது அவர்கள் காலத்து விதி. சில நேரம் அவர்களுக்குச் சொன்னவர் காலத்து விதி.

நிர்வாகச் சீர்திருத்தம் என்றால் பழைய விதிகளை நீக்குவது என்று மேடைகளில் பேசப்படுகிறது. அது பாதி உண்மை. மக்களை மிகவும் அலைக்கழித்த விதிகள் பல ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டன. நீக்கப்பட்ட செய்தி கவுண்டருக்கும் வரவில்லை, கவுண்டருக்கு முன்னால் நிற்கும் நமக்கும் வரவில்லை. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். தேவையில்லாத ஒரு கையெழுத்துக்காக மலையிலிருந்து ஒருவர் இறங்கி வந்தால் அந்தக் கூலி போகிறது; பேருந்துக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் தனி. இந்த இழப்பு எந்த வரவு செலவுக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. ஆகவே பொதுவாகச் சொல்லப்படும் சில நம்பிக்கைகளை எடுத்து, அவற்றில் எது உண்மை என்று பார்த்துவிடுவோம்.

"கெசட்டட் ஆபீசர் கையெழுத்து இல்லாத நகல் செல்லாது."

இதைச் சொல்லாத வீடு இல்லை. மலைக் கிராமத்தில் கெசட்டட் அதிகாரி என்றால் பள்ளித் தலைமையாசிரியர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், இவர்களை விட்டால் ஆள் கிடையாது. அவர்களும் விடுப்பில் இருந்தால் விண்ணப்பம் ஒரு வாரம் தள்ளிப்போகும். இந்தச் சடங்கு தேவையில்லை என்று வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாம் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2009-லேயே சொன்னது. விண்ணப்பதாரரே தன் நகலில் கையொப்பமிட்டால் போதும், மூலச் சான்றிதழைக் கடைசிக் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் பரிந்துரை. 2013-லும் 2014-லும் மத்திய அரசு இதை அமைச்சகங்களுக்கும் மாநிலங்களுக்கும் வலியுறுத்தியது. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் இணைப்புப் படிவங்கள் எல்லாவற்றையும் வெள்ளைத்தாளில் சுய உறுதிமொழியாகக் கொடுத்தால் போதும், நோட்டரியோ மாஜிஸ்திரேட்டோ கையெழுத்திட வேண்டியதில்லை என்று அறிவித்தார்கள். நாட்டின் எல்லையைத் தாண்ட உதவும் ஆவணத்துக்கே தேவைப்படாத கையெழுத்து, ஒரு பள்ளி உதவித்தொகைக்கு எதற்கு?

அந்தக் கையெழுத்து எந்தப் பாதுகாப்பைத் தந்துகொண்டிருந்தது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். வரிசையில் நிற்கும் முப்பது பேரின் நகல்களை மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட எந்த மருத்துவருக்கும் நேரம் கிடையாது. போலி செய்யத் துணிந்தவனுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்வது பெரிய காரியமும் இல்லை. பொய்யான உறுதிமொழி கொடுப்பவரைத் தண்டிக்க முன்பு இந்திய தண்டனைச் சட்டம் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. அப்படியும் இந்த நம்பிக்கை நீடிப்பதற்குக் காரணம் பழைய விண்ணப்பப் படிவங்கள். பத்து வருஷத்துக்கு முன் அச்சான படிவத்தின் நகலின் நகல் இன்னும் கடைகளில் விற்கிறது. அதன் அடியில் "சான்றொப்பமிட்ட நகல்" என்று இருக்கிறது. அதையே நாம் சட்டமாக எடுத்துக்கொள்கிறோம். ஒரு தேர்வின் நடப்பு அறிவிக்கையில் சான்றொப்பம் வேண்டும் என்று வெளிப்படையாக அச்சிட்டிருந்தால் வாங்கத்தான் வேண்டும். அப்படி இல்லாதபோது, முதலில் அறிவிக்கையைப் படிப்போம், பிறகு அலைவோம்.

"ஜாதி சர்டிபிகேட் பழசாகிவிட்டால் புதிதாக எடுக்க வேண்டும்."

ஜூன் மாதத்தில் இ-சேவை மையங்களில் நிற்கும் கூட்டத்தில் ஒரு பங்கு இந்த நம்பிக்கையால் வருவது. சாதிச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. தமிழ்நாடு அரசு 1988-லேயே அதை அட்டை வடிவில் நிரந்தரச் சான்றிதழாக வழங்க ஆணையிட்டது. வருமானம் ஆண்டுக்காண்டு மாறும். ஆகவே வருமானச் சான்றிதழுக்கு ஓராண்டு ஆயுள் வைத்திருக்கிறார்கள். மத்திய அரசின் வேலைக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் கேட்கப்படும் இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழில், வசதி படைத்த பிரிவில் இல்லை என்ற வருமானச் செய்தியும் சேர்ந்திருப்பதால் அதையும் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. மூன்றையும் ஒரே மையத்தில், ஒரே மாதிரித் தாளில் வாங்குகிறோம். அதனால் மூன்றுக்கும் ஒரே விதி என்று முடிவுகட்டிவிட்டோம். சில பள்ளி அலுவலகங்களும் "புதுசாக எடுத்துவா" என்று சொல்லி அனுப்பிவிடுகின்றன. கேட்டவர் அரசாணையைக் காட்டுவதில்லை, கேட்கப்பட்டவரும் கேட்பதில்லை. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 60 ரூபாய், கூடவே ஒரு நாள்.

மலைமேல் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. ஜவ்வாது மலையின் மலையாளி மக்கள் பழங்குடியினர். தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழை 1989 நவம்பர் 11 வரை தாசில்தார் கொடுத்தார். போலிச் சான்றிதழ்கள் பெருகியதால் அந்த அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியருக்கு மாற்றப்பட்டது. மாற்றத்துக்கு நியாயமான காரணம் இருந்தது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் வால் பிடித்து ஒரு தவறான நம்பிக்கை வந்து சேர்ந்தது: "தாசில்தார் கொடுத்த எஸ்.டி. சான்றிதழ் எல்லாம் செல்லாது." அது தவறு என்று உச்ச நீதிமன்றம் 1997-லேயே, சென்னைத் துறைமுகத்தில் வேலை செய்த ஆர். கந்தசாமி என்பவரின் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. அந்தத் தேதிக்கு முன் தாசில்தார் கொடுத்த சான்றிதழ் செல்லும். ஐயம் இருந்தால் உரிய குழு விசாரிக்கலாம். தாசில்தார் கையெழுத்திட்டது என்பதற்காகவே ஒதுக்கக் கூடாது.

இது வெறும் சட்ட நுணுக்கம் இல்லை. மலையில் முதல் தலைமுறையாகப் பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்குச் சான்றிதழ் கேட்டுப் போகும்போது, அப்பாவின் அல்லது தாத்தாவின் சான்றிதழ்தான் கையில் இருக்கும் ஒரே ஆதாரம். அது 1980-களில் தாசில்தார் கொடுத்ததாக இருக்கும். "இது செல்லாது, வேறு ஆதாரம் கொண்டுவா" என்று ஒருவர் சொன்னதும் குடும்பம் திரும்பிப் போய்விடுகிறது. கல்லூரிச் சேர்க்கைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அந்த நாள் இவர்களுக்காகக் காத்திருக்காது. சான்றிதழ் தாமதமானதால் இடம் போனது என்று எங்கும் பதிவாகாது. "படிக்க ஆர்வமில்லை" என்று மலை மக்களைப் பற்றி நாம் பேசிக்கொள்கிற பேச்சில் போய் அது சேர்ந்துகொள்ளும்.

"ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி ஆறு மாதம் ஆனால் காலாவதி."

இல்லை. 1899-ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவில் ஆறு மாதம் என்று வருவது, பயன்படுத்தாத முத்திரைத்தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதற்கான கெடு. எழுதுவதற்கான கெடு இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன திருவேங்கடம் பிள்ளை – நவநீதம்மாள் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. வீட்டில் இருக்கும் பழைய தாளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவது வீண் செலவு.

"ஒரு வருஷம் தாண்டிவிட்டால் பிறப்பைப் பதியக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்."

1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் பழைய வடிவில் அப்படித்தான் இருந்தது. 21 நாளுக்குள் சொன்னால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். ஓராண்டு வரை உரிய அதிகாரியின் அனுமதி. அதற்கு மேல் முதல்நிலை மாஜிஸ்திரேட்டின் ஆணை. கோர்ட் என்றால் வக்கீல், வாய்தா. வீட்டில் பிரசவம் நடந்த மலைக் குடும்பம் ஒன்று இதைக் கேட்டதுமே பதிவு எண்ணத்தையே விட்டுவிடும். பிள்ளை பள்ளியில் சேரும்போது வாத்தியார் ஒரு தேதி எழுதுவார். அதுவே பிறந்த நாளாகிவிடும்.

2023-இல் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தியது. அந்த ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது. ஓராண்டு தாண்டிய பதிவுக்கு மாவட்ட ஆட்சியர், கோட்ட அளவிலான நிர்வாக நடுவர் அல்லது ஆட்சியர் அதிகாரமளித்த நிர்வாக நடுவர் ஆணையிட்டால் போதும். நீதிமன்றப் படி தேவையில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் "கோர்ட் ஆர்டர் இருக்கா?" என்ற கேள்வி நின்றபாடில்லை.

இதே திருத்தத்தைப் பற்றி நேர் எதிரான இன்னொரு புரளியும் ஓடுகிறது: இனிமேல் பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு ஆதாரும் கிடையாது, ஓட்டும் கிடையாது என்று. திருத்தம் சொல்வது வேறு. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை ஆகியவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். அதற்கு முன் பிறந்த பாட்டியும் அம்மாவும் பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியவர்கள் இன்று தொட்டிலில் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோர். வயதான அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் தேடி அலையும் வீட்டில் மூன்று மாதக் குழந்தையின் பிறப்பு பதியாமல் கிடக்கிறது என்றால், கவலை தவறான இடத்தில் விழுந்திருக்கிறது.

"காட்டு நிலத்துக்குப் பட்டா கேட்க ரசீது வேண்டும், எழுபத்தைந்து வருஷம் இருந்ததாகக் காட்ட வேண்டும்."

ஜவ்வாது மலையைப் பொறுத்தவரை இந்தத் தொகுப்பில் இதைவிடக் கேடு செய்யும் நம்பிக்கை வேறில்லை. ஆகவே கொஞ்சம் நிதானமாகவே பார்க்க வேண்டும்.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பழங்குடியினர் அல்லாத மற்ற வனவாசிகளுக்குத்தான் மூன்று தலைமுறை, அதாவது எழுபத்தைந்து ஆண்டு, என்ற நிபந்தனையை வைத்திருக்கிறது. பழங்குடியினர் காட்ட வேண்டியது 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் வாழ்ந்தோ பயிர் செய்தோ வருகிறார்கள் என்பதைத்தான். அடிவாரத்து ஊர்க்காரருக்கும் மலை மலையாளிக்கும் சட்டம் வேறு வேறு அளவுகோல் வைத்திருக்கிறது. ஒருவருடைய நிபந்தனையை மற்றவர் தலையில் சுமத்தியதால் எத்தனை பேர் விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

அடுத்தது ரசீது. காட்டுக்குள் தலைமுறைகளாகச் சாமை விதைத்தவருக்கு எந்த அரசாங்கம் ரசீது கொடுத்தது? சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. ஆகவே 2008 விதிகளில் ஆதாரங்களின் பட்டியலில் ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தையும் சேர்த்தார்கள். விண்ணப்பதாரர் அல்லாத ஒரு பெரியவர் சொல்வதை எழுத்தில் பதிந்தால் அது ஆதாரம். பழைய கிணறு, வரப்பு, வீடு, புதைத்த இடம் போன்று கண்ணால் காணும் தடயமும் ஆதாரம். கோரிக்கையை முதலில் பரிசீலிப்பது வனத்துறை இல்லை, கிராம சபை. நிராகரித்தால் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும். மேல்முறையீடு செய்ய அறுபது நாள் உண்டு. உரிமை கிடைத்தால் நான்கு ஹெக்டேர் வரை, கணவன் மனைவி இருவர் பெயரிலும் வரும். பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. புளி, தேன், கடுக்காய் போன்ற சிறு வனப் பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையும் இதே சட்டத்தில் இருக்கிறது. அதைக் கேட்பவர்கள் இன்னும் குறைவு.

தமிழ்நாட்டில் இந்தத் தவறான நம்பிக்கை இவ்வளவு ஆழமாக வேர்விட்டதற்கு ஒரு வரலாறு உண்டு. 2008 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், தன் அனுமதி இல்லாமல் உரிமைச் சான்று வழங்கக் கூடாது என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. அந்தத் தடை 2016-இல் உச்ச நீதிமன்றத்தில்தான் நீங்கியது. எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளில் விண்ணப்பித்தவர்களுக்கு "இப்போது ஒன்றும் கிடையாது" என்று பதில் வந்தது. அப்போது அது உண்மை. தடை நீங்கிய பிறகும் மக்கள் மனதில் பதிந்திருந்தது "ஒன்றும் கிடையாது" மட்டுமே. ஏன் கிடையாது என்பதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. காரணம் தெரியாததால் ஆளுக்கொரு காரணத்தைத் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள்: ரசீது இல்லை, எழுபத்தைந்து வருஷம் ஆகவில்லை, வனத்துறை விடாது. ஒரு தடை நீக்கப்படும்போது அதை நீக்கிய செய்தியை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சொல்லும் கடமையை எந்தத் துறையும் தன் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் குறையின் விலையை மலைக் குடும்பங்கள் கொடுத்தன.

"கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும்."

படித்தவர்களிடம் அதிகம் காணப்படும் நம்பிக்கை இது. கணினியால் வந்த நன்மையை மறுக்க வேண்டாம். சிட்டாவை வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது, விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று எண்ணை வைத்துத் தெரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் வருமானச் சான்றிதழுக்கான விண்ணப்பம் முன்பு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று படியேறியதைப் போலவே இன்றும் ஏறுகிறது. அன்று காகிதம் ஏறியது, இன்று கோப்பு ஏறுகிறது. கேட்கப்படும் ஆவணங்களும் பெரும்பாலும் அவையேதான். ரேஷன் அட்டை விவரம் அரசிடம் இருக்கிறது, நில விவரம் அரசிடம் இருக்கிறது, ஆதாரும் அரசிடம் இருக்கிறது. அரசு தன்னிடமே இருக்கும் விவரத்தை நகலெடுத்துக் கொண்டுவரும்படி குடிமகனைக் கேட்கிறது. குடிமகன் அதை ஸ்கேன் செய்யக் காசு கொடுக்கிறான். படிகளைக் குறைப்பதுதான் சீர்திருத்தம். படிகளை அப்படியே திரைக்குள் ஏற்றியது வசதி, அவ்வளவே. மலையில் செல்போன் சிக்னல் கிடைக்காத ஊர்களுக்கு அந்த வசதியும் முழுமையாக வரவில்லை.

இன்னொன்று. இணையத்தில் இறக்கிய சான்றிதழில் "தாசில்தார் சீல் போட்டு வாங்கி வா" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மின்னணுக் கையொப்பத்துக்கு 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் கையால் இட்ட கையொப்பத்துக்குச் சமமான மதிப்பைக் கொடுத்துக் கால் நூற்றாண்டு ஆகிறது. சான்றிதழின் எண்ணை வைத்து உண்மையா என்று அங்கேயே சரிபார்க்கலாம். அதற்கு ஒரு நிமிடம் போதும். சீல் வாங்கி வர ஒரு நாள் வேண்டும்.

"வெள்ளைக்காரன் காலத்து நடைமுறை எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டும்."

கோபத்தில் சொல்வது புரிகிறது. ஆனால் பழமை என்ற ஒன்றுக்காகவே ஒரு நடைமுறையை ஒழித்தால் ஏழையின் கையில் இருக்கும் ஒரு சில பிடிமானங்களும் போய்விடும். நம் ஆட்சியர் அலுவலகங்களிலும் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் உள்ள கோப்பு முறை, சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த டாட்டன்ஹாம் என்ற அதிகாரியின் பெயரால் வழங்குவது. அந்த முறையில் அலுவலகத்துக்குள் வரும் ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண் விழும். எந்த எழுத்தரிடம் போனது, எந்தத் தேதியில், என்ன ஆயிற்று என்று அவருடைய பதிவேட்டில் இருக்க வேண்டும். "ந.க. எண்" என்று கடிதங்களின் தலையில் நாம் காண்பது அதுதான். மனுவைப் பதிவு செய்யாமல் நேராக மேசையில் வாங்கிவைக்கும்போதுதான் அது தொலைகிறது. நூறு வருஷப் பழைய அந்த எண்தான் மனுதாரருக்குச் சாட்சி.

ஜமாபந்தியும் அப்படித்தான். அது பின்பற்றும், ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் பசலி ஆண்டு மொகலாயர் காலத்தது. 2025 ஜூலையில் பசலி 1435 தொடங்கியது. அந்தக் கணக்கு இன்றைக்குத் தேவையா என்று விவாதிக்கலாம். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை கிராமக் கணக்குகள் அத்தனையும் ஓர் உயர் அலுவலர் முன்னால் விரித்துவைக்கப்படுவதும், அங்கே யாரும் போய் மனு கொடுக்கலாம் என்பதும் நமக்குத் தேவையானவை. பட்டாவில் பெயர்ப் பிழை, அடங்கலில் தவறான பயிர் என்று வருஷம் முழுதும் அலைந்தவர்கள் அந்த நாளைத் தவறவிடுகிறார்கள், "அது ஆபீசர்கள் சமாச்சாரம்" என்ற எண்ணத்தில். பெற்ற மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு, முடியாவிட்டால் அதைத் தெரிவிக்கும் பதில் என்று 2015 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ஆணையிட்டிருக்கிறது. ஒப்புகை கேட்டு வாங்காமல் மனு கொடுத்துவிட்டு வருவதை நாம் நிறுத்த வேண்டும்.

"ரூல் அப்படி. யாராலும் மாற்ற முடியாது."

எல்லாத் தவறான நம்பிக்கைகளுக்கும் இது தாய். அரசு அலுவலகத்தில் "ரூல்" என்று நமக்குச் சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி, சட்டமன்றம் இயற்றியது இல்லை. ஓர் அரசாணை, ஒரு சுற்றறிக்கை, அல்லது எந்த எழுத்தும் இல்லாத வெறும் வழக்கம். அரசாணையை இன்னோர் அரசாணை மாற்றும். வழக்கத்தை மாற்ற அதுவும் வேண்டாம்.

மிகப் பெரியவையே மாறியிருக்கின்றன. கர்ணமும் முன்சீபும் இல்லாத கிராம நிர்வாகத்தை 1979-இல் யாரும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள். பெரும்பாலும் பரம்பரை வழியாகவே வந்த அந்தப் பகுதிநேரப் பதவிகள், ஏறத்தாழ 23,000, 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசின் ஓர் அவசரச் சட்டத்தால் ஒழிந்தன. அவற்றின் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் என்ற முழுநேரப் பதவி வந்தது. எதிர்த்துப் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-இல் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. அதே 1980-இல் வருவாய் வாரியமும் கலைக்கப்பட்டது. தாசில்தார் அலுவலகத்தின் வேதமாக இருந்த நிலையாணைகளை வகுத்த வாரியம் அது. கிராமத்தின் அதிகாரக் கட்டமைப்பையே ஓர் இரவில் மாற்ற முடிந்த மாநிலத்தில் ஒரு படிவத்தை மாற்ற முடியாது என்று சொன்னால் நம்பக் கூடாது.

அப்படிச் சொல்பவரிடம் சண்டை போட வேண்டியதில்லை. "எந்த அரசாணை, என்ன தேதி?" என்று கேட்டால் போதும். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு, ஏன் கேட்கிறாய் என்று யாரும் கேட்க முடியாது. அதற்கும் முன்னால், தாங்கள் பின்பற்றும் விதிகளையும் அறிவுரைகளையும் கையேடுகளையும் ஒவ்வோர் அலுவலகமும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. கண்ணமங்கலம் பேருந்து நிலையத்தில் இப்படி ஒரு பலகை வைத்தால், எந்தச் சான்றுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதினால், அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. "எது வேண்டாம்" என்ற பத்தி முக்கியம். இதுவரை எந்த அலுவலகப் பலகையிலும் அதற்கு இடம் கொடுத்து நாம் பார்த்ததில்லை.

உண்மையிலேயே நாடாளுமன்றம் மாற்ற வேண்டிய பழைய விதியும் ஒன்று நம் மலையில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை. பழங்குடியினர் பட்டியலில் மலையாளி சமூகம் எப்படி இருக்கிறது தெரியுமா? தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் உள்ள மலையாளிகள் என்று. வட ஆர்க்காடு 1989-இல் இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை மாவட்டம் உருவானது. மீதியும் வேலூராகி, 2019-இல் மூன்றானது. ஜவ்வாது மலை இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் கிடக்கிறது. கல்வராயன் மலைக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டம் வந்துவிட்டது. கொல்லிமலை நாமக்கல்லுக்குப் போய்விட்டது. பட்டியலில் மட்டும் பழைய பெயர்கள். மாவட்டம் பிரிந்ததால் இந்த மலைகளில் யாருடைய உரிமையும் போய்விடவில்லை, பழைய எல்லையே கணக்கு. ஆனால் பழைய கோயம்புத்தூர் மாவட்டம் பட்டியலில் இல்லாததால், இன்றைய ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் பழங்குடியினர் ஆகவில்லை. பெயர் ஒன்று, வாழ்க்கை ஒன்று, நடுவில் பழைய மாவட்டக் கோடு.

அரசியல் சட்டத்தின் 342-ஆம் பிரிவுப்படி இந்தப் பட்டியலை நாடாளுமன்றம் மட்டுமே திருத்த முடியும். எந்தத் தாசில்தாரும் கோட்டாட்சியரும் எவ்வளவு நல்லவரானாலும் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. நாடாளுமன்றத்தால் முடியும் என்பதற்கு அண்மைய சான்று நரிக்குறவர் சமூகம்: பல பத்தாண்டுக் கோரிக்கைக்குப் பிறகு 2022 டிசம்பரில் ஒரே கூட்டத் தொடரில் இரு அவைகளும் நிறைவேற்றிப் பட்டியலில் சேர்த்தன. பர்கூர் மலையாளிகளுக்கும் அதே வழிதான். கண்ணமங்கலம் ஆரணி மக்களவைத் தொகுதியில் இருக்கிறது, ஜவ்வாது மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலைத் தொகுதியில். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு மலையேறி வருகிறவர்களிடம், சாலையும் தண்ணீரும் கேட்கும்போது, இந்தப் பட்டியலில் உள்ள மாவட்டப் பெயர்களை எப்போது திருத்தப் போகிறீர்கள் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.